கோர்கார் ப்ளேஃபீல்ட்: கட்டை தெரிஞ்ச இடத்துல மறுபடி பெயிண்ட் ஏத்தின அனுபவம்

இந்த த்ரெட்ல எல்லாரும் அவங்கவங்க பின்பால் மெஷின் கதைய சொல்றீங்க, என்னோடதையும் சேத்துக்கோங்க. நான் இருக்கறது சிகாகோ பக்கம் நேப்பர்வில்ல. இங்க பழைய பின்பால் மெஷின் (கண்ணாடிக்கு அடியில இரும்பு பந்த தட்டி ஆடற கேம் மேஜை) கிடைக்கறது ஒண்ணும் அதிசயம் இல்ல, பேலி, வில்லியம்ஸ், காட்லீப்னு பெரிய கம்பெனி எல்லாம் இந்த ஊர்லதான் செஞ்சாங்க, கூத்து என்னன்னா 1970கள் வரைக்கும் சிகாகோ சிட்டிக்குள்ளயே பின்பால் ஆட தடை, இங்க செஞ்சு வெளியூருக்கு ஏத்தி விட்டுட்டே இருந்திருக்காங்க. எனக்கு வந்து சேந்தது வில்லியம்ஸ் 1979ல விட்ட கோர்கார். பேர் கேட்டிருப்பீங்க, பேசின முதல் பின்பால் மெஷின். மொத்தமே ஏழு வார்த்தைதான் தெரியும், அதையே மாத்தி மாத்திப் போட்டு "மீ காட் யூ"ன்னு மிரட்டும், பின்னாடி இதயம் துடிக்கிற சத்தம் வேற, ஆட்டம் நீள நீள வேகம் எடுக்கும்.

போர்டு, காயில் எல்லாம் ஓரளவுக்கு உயிரோடதான் இருந்துச்சு. ப்ளேஃபீல்ட்தான், அதாவது பந்து ஓடற பெயிண்ட் அடிச்ச பலகைதான், கண்றாவி. பந்த பிடிச்சு வெக்கிற காந்தம் இருக்கற குழியச் சுத்தி பெயிண்டே கிடையாது, வெறும் கட்டை, அதுவும் கருப்பா. பந்த தட்டற ப்ளிப்பருக்கு மேலயும் அதே கதி. பலகைல பதிச்சு அடியில லைட் எரியற ப்ளாஸ்டிக் துண்டு, அதான் இன்சர்ட், பாதி உள்ள எறங்கி கிண்ணம் மாதிரி ஆயிருச்சு, மீதி விளிம்பு தூக்கிட்டு நிக்குது. புது ரீப்ரோ (பழச மாதிரியே இப்ப செய்யற) ப்ளேஃபீல்ட் வாங்கிப் போடலாமேன்னு கேப்பீங்க. அது பல நூறு டாலர், சிலது ஆயிரத்த தாண்டும், அதுக்கும் மேல அடியில இருக்கற அத்தன சாக்கெட், ஸ்விட்ச், காயில், வயர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா இடம் மாத்தணும், அந்த சால்டரிங் வேலைக்கு நான் தயாரா இல்ல. பழச சரி பண்ணா அந்த 79 வருஷத்து ஸ்க்ரீன் பிரிண்டும் மிஞ்சும்னு ஒரு ஆசை.

மேல இருக்கற போஸ்ட் (சின்ன தூண்), ப்ளாஸ்டிக், டார்கெட் எல்லாத்தையும் கழட்டறதுக்கு முன்னாடி எக்கச்சக்கமா போட்டோ எடுத்துக்கோங்க, ஒவ்வொரு மூலை ஸ்க்ரூவும் தனித்தனி ஜிப் கவர்ல. அத விட்டுட்டு மெயின் மேட்டருக்கு வரேன்.

முன்னாடி வெச்சிருந்தவர் மைலார்ங்கற ப்ளாஸ்டிக் ஷீட் மேல ஒட்டியிருந்தார். அத எடுக்க கம்ப்ரெஸ்டு ஏர் கேன தலகீழா பிடிச்சு அடிச்சா உறைஞ்சு போய் பட்பட்னு கிளம்பிடும். ஆனா அடியில பெயிண்ட் ஏற்கனவே செதில் செதிலா இருந்தா அதுவும் கூடவே வரும், அதனால ஓரத்துல ஒரு இஞ்ச் எடுத்துப் பாத்துட்டுதான் மேல போகணும். ஷீட் போனப்புறம் பசை அப்பிட்டு நிக்கும் பாருங்க, அதுக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால தெளிச்சு மேல மைதா மாவு தூவி விரலால உருட்டுங்க, பசை உருண்ட உருண்டையா வந்துடும். வீட்ல "பரோட்டாக்கு வெச்ச மாவ கராஜுக்கு எதுக்குங்க தூக்கிட்டுப் போறீங்க"ன்னு ஒரு பஞ்சாயத்து, அது தனிக்கதை.

கருப்பு அழுக்குக்கு மேஜிக் எரேசர்ங்கற ஸ்பாஞ்ச்ல அதே ஆல்கஹால தொட்டு மெதுவா தேய்க்கணும். ஆனா அந்த எரேசரே ரொம்ப நைஸான உப்புத்தாள்தான், பெயிண்ட் இருக்கற இடத்துல அழுத்துனீங்க, இருக்கறதும் போச்சு. கட்டை மேல இருக்கற மேப்பிள் லேயரும் ரொம்ப மெல்லிசு, அழுக்கு போகலன்னு சாண்டர் எடுத்துட்டு வராதீங்க.

அடுத்து இன்சர்ட். நிறைய பேர் இத விட்டுட்டு நேரா பெயிண்டுக்கு போறாங்க, என் கணக்குல அது வேஸ்ட். ஆடற இன்சர்ட்டு மேல என்ன அழகா லைன் போட்டாலும் அது அசையறப்ப சுத்தி வளையமா விரிசல் விழுந்துடும். ஹீட் கன்ல லேசா சூடு காட்டி அடியிலேர்ந்து மரக்கட்டை வெச்சு தட்டி எடுத்து, பழைய பசைய சுரண்டிட்டு, எபாக்சி போட்டு, மேல மெழுகுத்தாள் வெச்சு சமமான பலகையோட க்ளாம்ப் பண்ணிட்டு விட்டுடுங்க. காஞ்சப்புறம் நகத்த குறுக்க ஓட்டினா தட்டவே கூடாது.

இப்ப கலர். இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. ப்ளாஸ்டிக்குக்கு அடியில வெளிச்சம் படாத இடத்துல ஒரிஜினல் சிவப்பு பளிச்சுனு இருக்கும், அத பாத்து கலந்து தேஞ்ச இடத்துல வெச்சா ஒட்டு போட்டது ஊருக்கே தெரியும், ஏன்னா பக்கத்துல இருக்கற சிவப்பு இத்தன வருஷத்துல வெளுத்து, மேல இருக்கற லேக்கரும் மஞ்சளாகி வேற ஒரு சிவப்பா மாறியிருக்கு. பக்கத்துல இருக்கறத பாத்துதான் கலக்கணும். அதுலயும் காஞ்ச நிலையில ஒப்பிடாதீங்க, ரெண்டு இடத்தையும் நாப்தா (சீக்கிரம் ஆவியாகற ஒரு கரைப்பான்) தொட்டு ஈரமாக்கிட்டு பாருங்க, மேல க்ளியர், அதாவது நிறமில்லாத பூச்சு, அடிச்சா எப்படி தெரியுமோ கிட்டத்தட்ட அப்படியே காட்டும். கராஜ் ட்யூப்லைட்ல மட்டும் பாக்காம மெஷின்ல எரியற அதே 6.3 வோல்ட் 47ம் நம்பர் பல்பு வெளிச்சத்துலயும் ஒரு தடவ பாருங்க, மேட்ச் ஆன கலர் அங்க போய் ஆரஞ்சா நிக்கும் சில சமயம்.

இன்னொண்ணு, தேஞ்ச இடத்துல மட்டும் பெயிண்ட் வெச்சு ஓரத்த கலந்து விடலாம்னு நெனைக்காதீங்க. கருப்பு கோட்டுலேர்ந்து அடுத்த கருப்பு கோடு வரைக்கும் அந்த கட்டம் முழுசையும் அடிச்சுடுங்க. கண்ணு கோட்டுகிட்ட நின்னுடும், வித்தியாசம் தேடாது. கருப்பு கோட்ட கடைசியா போடணும். எழுத்து போன இன்சர்ட்டுக்கு மூடி கழட்டின ஸ்கேனர தலகீழா ப்ளேஃபீல்ட் மேலயே வெச்சு ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல சரி பண்ணி தண்ணில நனைச்சு ஒட்டற வாட்டர்ஸ்லைடு டீகாலா பிரிண்ட் எடுத்தேன். பெயிண்டுக்கு முன்னாடி ஒரு மெல்லிசு க்ளியர் போட்டு சீல் பண்ணியிருந்ததால பிடிக்காத கலர துடைச்சுட்டு திரும்ப வெக்க முடிஞ்சுது.

ஃபைனல் 2 பார்ட் ஆட்டோமோட்டிவ் க்ளியர (ரெண்டு திரவத்த கலந்து அடிக்கற கார் க்ளியர்) நான் அடிக்கல. அதுல மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கு, சாதா கார்பன் மாஸ்க்க நம்பி கராஜ்ல அடிக்கற விஷயம் இல்ல அது, வெளிக்காத்து சப்ளை இருக்கற மாஸ்க் வேணும். கார் பெயிண்ட் பூத் வெச்சிருக்கறவர்கிட்ட குடுத்தேன். "இது மேல யாராவது சிலிகான் பாலிஷ் போட்டிருக்காங்களா"ன்னுதான் அவர் முதல்ல கேட்டார், அது மிச்சம் இருந்தா க்ளியர் ஒட்டாம மீன்கண்ணு மாதிரி குழி குழியா ஒதுங்கிடுமாம்.

— — —

அண்ணை, நல்ல விளக்கம். நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன், என்னட்ட இருக்கிறது வில்லியம்ஸின்ர 1980 ஃபயர்பவர் மெஷின். முந்தி வச்சிருந்த ஆள் இன்சர்ட்டைத் தொடாமல் மேலால க்ளியரை ஊத்தி விட்டிருக்கிறார், குழி இருந்த இடமெல்லாம் இப்ப கண்ணாடிக் குழியாத்தான் கிடக்கு, பந்து அதுக்குள்ள போய் திசை மாறுது. எனக்கு ஒரு சந்தேகம், க்ளியர் காய எவ்வளவு காலம் விட்டனீங்கள்? அவசரப்பட்டு போஸ்ட் இறுக்கினால் சுத்தி நெளியும் எண்டு சொல்லுகினம்.

— — —

தம்பி, சொன்னது சரிதான், நெளியும். தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள இளசா இருக்கும். வாசனை சுத்தமா போற வரைக்கும், அதாவது சில வாரம், அப்படியே சாச்சு வெச்சுட்டேன். அப்புறம் 800, 1500, 2000னு தண்ணி தொட்டு உப்புத்தாள், கடைசில பாலிஷ். உங்க ஃபயர்பவர்ல குழிய மட்டும் க்ளியர சொட்டு சொட்டா விட்டு நிரப்பி, காஞ்சப்புறம் லெவல் பண்ணிப் பாருங்க, முழுசா உரிக்க வேண்டாம்.

— — —

ப்ரோ ரெண்டு பேரும் ஒண்ண மறந்துட்டீங்க. இவ்வளவு பண்ணிட்டு பழைய பந்தையே திரும்ப போட்டுடாதீங்கப்பா. 80 கிராம் இரும்பு உருண்ட, மேல ஒரு சின்ன கீறல் இருந்தா போதும், க்ளியர அரைக்க ஆரம்பிச்சுடும். காந்தம் இருக்கற மெஷின்ல பந்தே காந்தமாகி இரும்புத்தூள ஒட்டிக்கிட்டு சுத்தும், கோர்கார்ல அது கண்டிப்பா நடக்கும். புது பந்து சில டாலர்தான், அப்பப்ப மாத்துங்க, ப்ளேஃபீல்டுக்கு மெழுகு போட்டா கார்னாபா (ஒரு வகை பனை மெழுகு) மட்டும்.