ரஷ்யா ஹாஸ்டலில் மூணு பேருக்கு ஒரே ரூம், தூக்கம் போச்சு. ஃபிளாட்டுக்கு மாறலாமா?

நெல்லைப்பெண்:
எல்லோருக்கும் வணக்கம். நான் கசானில் எம்.பி.பி.எஸ். முதல் வருஷம். ஹாஸ்டல் ரூமில் மூணு பேர் இருக்கிறோம், ஒருத்தி மதுரை, இன்னொருத்தி நாக்பூர். ரெண்டு பேருமே நல்லவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிற அளவுக்கு நல்லவர்கள். ஆனால் என்னால் தூங்க முடியவில்லை.

மதுரைக்காரிக்கு ரூம் புழுக்கமாக இருக்கிறதாம். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறாள். வெளியே மைனஸ் 18, என் கட்டில் சரியாக ஜன்னலுக்குக் கீழே. காலையில் எழுந்தால் ஜன்னல் விளிம்பில் வெள்ளையாக ஐஸ் படிந்திருக்கிறது, எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வருவதில்லை. நாக்பூர்ப் பெண்ணுக்கு அவள் அம்மா தினமும் பூஜை முடித்ததும் 6 மணிக்குப் போன் பண்ணுகிறார், இங்கே அப்போது 3:30. அவள் படுத்தபடியே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். அதற்கப்புறம் எனக்குக் கண் மூடாது, விடியும் நேரத்தில் அசந்துவிட்டு 8 மணி கிளாஸை விட்டுவிடுகிறேன், விட்ட கிளாஸுக்கெல்லாம் அத்ரபோத்கா, அதாவது அந்தப் பாடத்தைத் தனியாக முடித்துக்காட்டும் வேலை, சேர்ந்துகொண்டே போகிறது. பாத்திரம், குப்பை இதெல்லாம் சின்ன விஷயம், அதை நான் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை.

என் குரூப்பில் மூணு தமிழ்ப் பெண்கள் ஃபிளாட் பார்க்கிறார்கள், நீயும் வா என்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் என்றால் இந்தத் தொல்லை இருக்காது என்று தோன்றுகிறது. அப்பா உன் இஷ்டம் என்கிறார். ஜனவரியில் பரீட்சை. என்ன செய்யட்டும்?

ட்வேர்_சீனியர்:
தங்கச்சி, ஃபிளாட் பேச்சைப் பரீட்சை முடியும்வரை எடுக்காதே. நீ சொன்ன ரெண்டையும் இந்த வாரத்துக்குள்ளேயே சரிபண்ணலாம், வீடு மாறுகிற அலைச்சலில் பாதி சிலபஸ் போய்விடும்.

ஜன்னலை முதலில் எடுத்துக்கொள்வோம். இங்கே ஹாஸ்டல் சூடு நம் கையில் கிடையாது. தினசரி சராசரி வெப்பம் தொடர்ந்து ஐந்து நாள் 8 டிகிரிக்குக் கீழே போனால்தான் ஊருக்கே சேர்த்து ஹீட்டிங் திறப்பார்கள், திறந்துவிட்டால் குளிர்காலம் முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பழைய கட்டடம் என்றால் ரேடியேட்டரில், அதாவது ரூமைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயில், கூட்டிக் குறைக்கத் திருகுகூட இருக்காது. அதனால் வெளியே உறைந்து கிடக்கும்போது உள்ளே நம் ஊர் வைகாசி மாதிரி புழுங்கும். மதுரைப் பெண் சொல்வதும் உண்மை, உனக்குக் குளிர்வதும் உண்மை, யார் சரி என்று வாதாடினால் முடியவே முடியாது. கட்டிலை மாத்துங்கள். யாருக்குப் புழுங்குகிறதோ அவள் ஜன்னல் ஓரத்துக்கு, நீ கதவு ஓரத்துக்கு. ரேடியேட்டர் மேல் தடித்த கம்பளி ஒன்றைப் போர்த்திவிட்டால் ரூமுக்கு வரும் சூடு நன்றாகக் குறையும். படுக்கும் முன் மூணு பேரும் கிச்சனில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு பத்து நிமிஷம் ஜன்னலை முழுசாகத் திறந்து வையுங்கள், என் ரஷ்யன் ரூம்மேட் தினமும் இதைத்தான் செய்வாள், அதற்கப்புறம் ராத்திரி முழுக்கத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. ஹீட்டிங்கில் காற்று வறண்டுபோய்த்தான் பாதித் தொண்டை வலியே வருகிறது, உன் கட்டில் பக்கத்து நாற்காலியில் ஒரு ஈரத்துண்டைப் போட்டு வை.

அடுத்தது போன். அந்தப் பெண்ணைத் திட்டாதே. எடுக்காவிட்டால் அம்மா பயந்துவிடுவார் என்றுதான் அவள் தூக்கத்தில்கூட எடுக்கிறாள். அங்கே வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ரெண்டரை மணி நேரத்தைக் கூட்டுவதா கழிப்பதா என்பது பிடிபடவே நாளாகும். எங்கள் ரூமிலும் இதே கதை நடந்தது, நான் இன்னொரு ரூம்மேட்டின் அம்மாவிடமே பேசிவிட்டேன். சாயங்காலம் வீடியோ காலில் வணக்கம் சொல்லி, கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டி, நீங்கள் கூப்பிடும்போது இங்கே மூணரை மணி ஆன்ட்டி என்றேன். அவர் பதறிப்போய்விட்டார், பெண் அவ்வளவு நாளும் சொல்லவே இல்லையாம். இங்கே 6:30 என்றால் அவர்களுக்கு 9 மணி. அந்த நேரத்துக்கு மாத்தச் சொல், உனக்கும் அதுவே அலாரம் ஆகிவிடும்.

லைட் எத்தனை மணிக்கு அணைப்பது, யாருக்கு டேபிள் லாம்ப், விருந்தாளி வந்தால் எதுவரை இருக்கலாம், இதையெல்லாம் சண்டை இல்லாத ஒரு நாளில் மூணு பேரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கோபத்தில் பேசினால் நல்ல யோசனைகூட குத்திக்காட்டுவதாகத்தான் கேட்கும்.

திருச்சி_டு_வோல்காகிராட்:
ஃபிளாட்டில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வாடகையைவிடப் பெரிய விஷயம் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது வெளிநாட்டவர் தங்கும் முகவரியை அரசிடம் பதிவது. நீ எந்த முகவரியில் குடியிருக்கிறாயோ அந்த முகவரியில் பதிவு இருக்க வேண்டும், மாறினால் 7 வேலை நாளுக்குள் வீட்டுக்காரர் உன்னைப் பதிவு பண்ணித் தர வேண்டும். ஹாஸ்டல் முகவரியை வைத்துக்கொண்டு வெளியே குடியிருப்பது இங்கே குற்றம், அபராதத்தோடு நிற்காமல் நாட்டை விட்டு அனுப்புவது வரைக்கும் போகலாம். எங்கள் வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போது சரி சரி என்று தலையாட்டினார், அட்வான்ஸ் வாங்கினதும் வரிப் பிரச்சனை வரும் என்று கைவிரித்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு வீடு தேடி அலைந்தோம், அதுவும் பனியில். வாடகைக்கு மேல் ஒரு மாச அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், அப்புறம் கம்முனால்கா என்று தண்ணீர், ஹீட்டிங் எல்லாம் சேர்ந்து ஒரு பில் வரும், குளிர்காலத்தில் அது தனியாகக் கடிக்கும்.

நம் ஊர்க்காரர்கள் என்றால் தொல்லை இருக்காது என்று நினைப்பது தப்பு. நாங்கள் நாலு பேரும் தமிழ்தான். இரவு 2 மணிக்குக் கேம் ஆடுகிறவன் தமிழில் கத்தினாலும் தூக்கம் கெடத்தான் செய்யும். இன்னும் சொல்லப்போனால் ஊர்க்காரன் என்பதாலேயே முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கித் தயங்கி மனசில் வைத்துக்கொண்டே இருந்தோம், அதுதான் கடைசியில் வெடித்தது.

ஃபிளாட்டே கூடாது என்று சொல்லவில்லை. நாம் விரும்பினபடி தாளிக்கலாம், ஸ்மோக் அலாரம் பயம் இல்லை, 11 மணிக்குக் கேட் பூட்டுவார்கள் என்ற ஓட்டம் இல்லை. பாஷை கொஞ்சம் பிடிபட்டு, வீட்டுக்காரரிடம் நீயே பேச முடிகிற வருஷத்தில் போ. இப்போது வேண்டாம்.

நெல்லைப்பெண்:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. கட்டில் மாத்துவதற்கு மதுரைக்காரி உடனே சரி என்றுவிட்டாள், அவளுக்கு ஜன்னல் பக்கம் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே ஆசையாம், நான் பிடித்துவிட்டேன் என்று கேட்கவில்லையாம். கம்பளியும் போர்த்திவிட்டோம். நாக்பூர் ஆன்ட்டியிடம் பேசத்தான் தயக்கம், எனக்கு இந்தி வராது. இதற்குமேலும் ஒத்துவரவில்லை என்றால் ஹாஸ்டலுக்குள்ளேயே ரூம் மாற வழி இருக்கிறதா? எங்கள் ஏஜென்ட் ஆள் ஒருவர் அதற்குப் பணம் கேட்கிறார்.

இஷெவ்ஸ்க்_மூணாம்வருஷம்:
ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபிள்கூடக் கொடுக்காதேம்மா. ரூம் மாத்துவது கமெண்டன்ட், அதாவது ஹாஸ்டல் பொறுப்பாளர் கையில் இருக்கிறது, சில இடங்களில் டீக்கனாட் (டீன் அலுவலகம்) கையெழுத்தும் கேட்பார்கள். ஜயவ்லேனியே என்று ஒரு பக்க விண்ணப்பம், உங்கள் ரஷ்யன் மொழி டீச்சரிடம் கேட்டால் எழுதக் கற்றுக்கொடுப்பார். செமஸ்டர் நடுவில் கேட்டால் இடம் இல்லை என்றுதான் பதில் வரும். பரீட்சை முடிந்து பிப்ரவரியில் போய்க் கேள், படிப்பை விட்டுப் போனவர்கள், ஃபிளாட்டுக்குப் போனவர்கள் என்று அப்போதுதான் கட்டில் காலியாகும். எந்த ரூமுக்குப் போக வேண்டும், அங்கே இருப்பவர்களுக்குச் சம்மதமா என்பதைப் பேசி முடித்துவிட்டு, அந்த ரூம் நம்பரையும் சேர்த்தே விண்ணப்பத்தில் எழுது. யோசிக்க வேண்டிய வேலையை நாமே முடித்துக் கொடுத்தால் கமெண்டன்ட் சீக்கிரம் ஒத்துக்கொள்வார். இங்கே என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். எனக்கு முதல் வருஷம் நடுராத்திரியில் வயிற்று வலி வந்து சுருண்டுவிட்டேன், அப்பெண்டிக்ஸ். தமிழ்ப் பெண்கள் எல்லோரும் வேறு மாடியில் இருந்தார்கள். ஆம்புலன்ஸ் நம்பர் 103க்குப் போன் பண்ணி, தெரிந்த நாலு ரஷ்ய வார்த்தையை வைத்து முகவரி சொல்லி, என் பாஸ்போர்ட்டையும் இன்சூரன்ஸ் பாலிசியையும் தேடி எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் கூடவே ஏறினவள் என் ரூம்மேட் ராஜஸ்தான்காரி. அதற்கு முந்தின வாரம்தான் ஃபிரிட்ஜில் முட்டை வைக்கக் கூடாது என்று என்னோடு சண்டை போட்டிருந்தாள், சுத்த சைவம். அப்புறம் கீழ்த் தட்டு எனக்கு, மேல் தட்டு அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம், இன்றுவரை ஒரே ரூம்தான்.

நீங்களும் உங்கள் ரூமில் மூணு பேர் பாஸ்போர்ட் நகல், இன்சூரன்ஸ் பாலிசி, வீட்டு நம்பர் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள், ஹாஸ்டல் முகவரியை ரஷ்ய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். இந்தி வராவிட்டால் பரவாயில்லை, அந்த ஆன்ட்டியிடம் பேசும்போது அவர் பெண்ணையே பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்.

ட்வேர்_சீனியர்:
ரூம் மாறினாலும் கமெண்டன்ட் கொடுக்கும் புதுத் தாளில் ரூம் நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு, அதன் போட்டோவை அப்பாவுக்கும் அனுப்பி வை. பரீட்சைக்கு வாழ்த்துகள்.