கன்ட்ரோல் எலியிலேயே ஸ்பைன்கள் நிலையாக இல்லை, எங்கே கோளாறு?

கேள்வி:
வணக்கம். தை1-ஜிஎஃப்பி-எம் (சில நரம்பணுக்கள் மட்டும் பச்சையாக ஒளிரும் வகை) சுண்டெலிகளின் மூளைப் புறணியில் டென்ட்ரைட் ஸ்பைன்களை (நரம்பணுக் கிளைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்முட்கள்) டூ-ஃபோட்டான் மைக்ராஸ்கோப்பில் தொடர்ந்து படமெடுக்கிறேன். மண்டையோட்டில் வட்டமாக எலும்பை எடுத்துக் கண்ணாடி ஜன்னல் பொருத்தியிருக்கிறேன். பயிற்சி எதுவும் தராத, நன்கு வளர்ந்த கன்ட்ரோல் எலிகளிலேயே ஸ்பைன்கள் தாறுமாறாக முளைப்பதும் மறைவதுமாக இருக்கின்றன. லேசர் 920 நானோமீட்டர், படம் தெளிவு. அறுவைக்கு ஒரு வாரம் கழித்துப் படமெடுக்கத் தொடங்கினேன். என்ன செய்யலாம்?

பதில் 1:
ஒரு வாரம் போதாது. எலும்பைத் திறந்ததும் மூளையின் துணை செல்களான மைக்ரோக்லியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் கிளர்ந்துவிடும், ஸ்பைன்களும் அதில் ஆடிப்போகும். 2002-இல் எலும்பைத் தேய்த்து மெலிதாக்கிப் பார்த்த குழு, ஸ்பைன்கள் பெரும்பாலும் நிலையானவை என்றது. திறந்து பார்த்த குழு, நிறைய மாறுகின்றன என்றது. 2007-இல் இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, திறந்த மண்டையில் முதல் மாதம் மாற்றம் மிகுதி என்று தெரிந்தது. குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள், மூன்று நான்கு வாரம் என்றால் இன்னும் நல்லது. அறுவைக்கு முன் டெக்ஸாமெதசோன் கொடுத்தால் வீக்கம் குறையும். ஒரு எலியின் மூளையை எடுத்து ஜிஎஃப்ஏபி (ஆஸ்ட்ரோசைட்டைக் காட்டும்), ஐபிஏ1 (மைக்ரோக்லியாவைக் காட்டும்) சாயமேற்றி, ஜன்னல் வைக்காத பக்கத்தோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

கேட்டவர்:
அப்படியானால் எலும்பை மெலிதாக்கும் முறைக்கே மாறிவிடலாமா?

பதில் 1:
உங்களுக்குப் பல வாரம் பார்க்க வேண்டும் என்றால் வேண்டாம். எலும்பின் தடிமன் ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர் ஆகும்வரை தேய்க்க வேண்டும். எலும்பு மறுபடி வளரும், ஒவ்வொரு முறையும் தேய்க்க வேண்டிவரும். ஜன்னலையே வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

பதில் 2:
இன்னொன்று, தலையின் சாய்வு. இந்த மைக்ராஸ்கோப்பில் ஆழத் திசைத் தெளிவு குறைவு. டென்ட்ரைட்டுக்கு மேலேயோ கீழேயோ நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைன், அதன் வெளிச்சத்திலேயே மறைந்துவிடும். அடுத்த முறை தலை சற்றே சாய்ந்தால் அதே ஸ்பைன் பக்கவாட்டில் எட்டிப்பார்க்கும், நீங்கள் ‘புதிது’ என்று எண்ணிவிடுவீர்கள். சோதிப்பது சுலபம். படமெடுத்ததும் எலியைக் கழற்றி, உடனே மறுபடி மாட்டி, ரத்தக்குழாய்களை அடையாளம் வைத்து அதே இடத்தை எடுங்கள். அவ்வளவு குறுகிய நேரத்தில் பெரிதாக எதுவும் மாறாது. அப்போதும் வித்தியாசம் கணிசமாக இருந்தால் அது அளவீட்டுப் பிழைதான். எண்ணுபவருக்கு எது எந்த நாள் படம் என்று தெரியக் கூடாது, அதையும் மறக்காதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கழற்றி மாட்டிப் பார்த்தேன். சில ‘புது’ ஸ்பைன்கள் வரத்தான் செய்தன, ஏறக்குறைய எல்லாமே மேல்நோக்கியவை. பக்கவாட்டில் 0.4 மைக்ரோமீட்டருக்கு மேல் நீட்டியிருப்பவற்றை மட்டும் எண்ணியதும் அவை கழிந்துவிட்டன. ஆனாலும் பழைய படங்களில் மாற்றம் இன்னும் அதிகமாகவே இருக்கிறது. ஆகவே ஜிஎஃப்ஏபி சாயம் ஏற்றுகிறேன். அடுத்த எலிகளை மூன்று வாரம் விட்டுத்தான் மைக்ராஸ்கோப்பில் வைக்கப் போகிறேன்.