பழைய புரொப்பெல்லர் பயணிகள் விமானங்கள்: சில மட்டும் பிழைத்தது எப்படி?

பழைய_இறக்கை:

வணக்கம். அந்தக் காலப் புரொப்பெல்லர் பயணிகள் விமானங்களில் இன்று எவை மிச்சம் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. டிசி-3 இன்னும் உலகெங்கும் பறக்கிறது. டிசி-6 அலாஸ்காவில் 2020-களிலும் சரக்கு ஏற்றியிருக்கிறது. ஆனால் இவற்றைவிட அழகும் புகழும் கொண்ட கான்ஸ்டலேஷனில் பறப்பவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர் முழுசாக ஒன்றுகூட இல்லை. வைக்கவுண்ட் (அது டர்போபுராப், அதாவது டர்பைன் இன்ஜின் புரொப்பெல்லரைச் சுழற்றும் வகை என்பது தெரியும், இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன்) 440-க்கு மேல் கட்டினார்கள். பறப்பது ஒன்றும் கிடையாது. காரணம் என்ன? ஜெர்மன் விமான நிறுவனம் லுஃப்தான்சாவே புதுப்பிக்கக் கையில் எடுத்த ஸ்டார்லைனர் (கான்ஸ்டலேஷனின் இன்னொரு வகை) ஏன் பறக்காமல் போனது? இன்னொன்று: நிறுத்திவைத்த விமானத்தின் புரொப்பெல்லரை அவ்வப்போது கையால் சுற்றிவிட்டால் இன்ஜினுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

ரேடியல்18:

முதலில் இன்ஜினைப் பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கிறது. ஒரு விமானம் பிழைப்பதற்கு அதன் இன்ஜின் வேறு எத்தனை விமானங்களில் இருந்தது என்பதுதான் முக்கியம்.

டிசி-3-இல் பெரும்பாலும் இருப்பது 14 சிலிண்டர் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830. லிபரேட்டர், கேட்டலினா போன்ற போர்க்கால விமானங்களுக்கும் அதே இன்ஜின். 1,70,000-க்கு மேல் தயாரானது. டிசி-6-இன் ஆர்-2800-உம் அப்படித்தான்: சி-46, கான்வேர் 240 முதல் 440 வரை, போர் விமானங்களில் தண்டர்போல்ட், கோர்சேர். காட்டுத்தீ அணைக்கும் சிஎல்-215-இலும் இதே ஆர்-2800 இருந்ததால், அதைப் பிரித்து ஓவர்ஹால் செய்யத் தெரிந்த பட்டறைகள் தொடர்ந்து வேலை பார்த்தன. உதிரிபாகமும் கைப்பழக்கமும் அறுந்துபோகவில்லை.

கான்ஸ்டலேஷனின் ரைட் ஆர்-3350 வேறு ஜாதி. சூப்பர் கான்ஸ்டலேஷனில் வந்த டர்போ காம்பவுண்ட் வகையில் 18 சிலிண்டர், 54.9 லிட்டர். ஆறு சிலிண்டருக்கு ஒன்று வீதம் மூன்று டர்பைன்கள் புகைபோக்கியில் உட்கார்ந்திருக்கும். வெளியேறும் புகையின் சக்தியை ஃப்ளூயிட் கப்ளிங் (எண்ணெய் மூலம் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வழியாகத் திரும்பக் கிராங்க் ஷாஃப்ட்டுக்கே (இன்ஜினின் மையத் தண்டுக்கே) கொடுக்கும்; மூன்றும் சேர்ந்து சுமார் 450 குதிரைத்திறன். எரிபொருள் சிக்கனத்தில் அன்று அதற்கு இணையில்லை. ஆனால் டர்பைன் சக்கரமும் வால்வுகளும் செஞ்சூட்டில் வேலை செய்கின்றன. பிளேடு ஒன்று உடைந்தாலோ சீல் கசிந்தாலோ சூடான உலோகத்தின் மேல் எண்ணெய் விழும், அடுத்தது தீ. 2023-இல் மறுபடி பறந்த 'படான்' (ஜெனரல் மெக்கார்தரின் விசி-121ஏ, கான்ஸ்டலேஷனின் ராணுவ வகை) இந்த டர்பைன்கள் இல்லாத பழைய ஆர்-3350-ஐக் கொண்டது. தேர்ந்தெடுத்தவர்கள் விவரமானவர்கள்.

ஸ்ட்ராட்டோகுரூசர் கட்டியதே 56. ஆர்-4360 இன்ஜினுக்கு 28 சிலிண்டர், 56 ஸ்பார்க் பிளக், விமானத்துக்கு 224. உள்ளே கூடான எஃகு புரொப்பெல்லர் பிளேடு ஒடிந்து, அந்த அதிர்வில் இன்ஜினே பிய்த்துக்கொண்டு போன விபத்துகளும் உண்டு. கடைசியில் பலவற்றை வெட்டி 'கப்பி' சரக்கு விமானங்களுக்குப் பயன்படுத்திவிட்டார்கள்.

பெட்ரோலும் ஒரு தடை. இந்தப் பெரிய இன்ஜின்கள் 115/145 என்ற உயர்தர பெட்ரோலுக்காக வடிவமைத்தவை. இன்று கிடைப்பது அதைவிடத் தரம் குறைந்த 100எல்எல். டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டன் தலை உருகாமல் இருக்க மேனிஃபோல்ட் பிரஷரை (சிலிண்டருக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை) குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதாவது ஏற்றும் எடையும் குறையும்.

ஸ்பார்_பார்வை:

ரேடியல்18 சொன்னது சரி, ஆனால் பாதிதான். இன்ஜினை மாற்றலாம், ஸ்பாரை (இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் முதன்மை உத்தரத்தை) மாற்ற முடியாது. அல்லது மாற்றும் செலவில் விமானமே வாங்கிவிடலாம்.

வைக்கவுண்டுக்கு நடந்தது இதுதான். அதன் இறக்கையின் கீழ் ஸ்பார் பூமுக்கு (ஸ்பாரின் அடி விளிம்புப் பட்டைக்கு) இத்தனை பறப்புகள் என்று ஆயுள் நிர்ணயித்திருந்தார்கள். 1968 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லேண்ட் அருகே விஎச்-ஆர்எம்க்யூ என்ற வைக்கவுண்டின் வலது இறக்கை வானத்திலேயே முறிந்து 26 பேரும் இறந்தார்கள். 11,400 பறப்பு தாங்க வேண்டிய பூம் 8,090-இலேயே போனது. பூமில் இருந்த ஒரு துளையில் விளிம்பை விரித்துப் பொருத்திய புஷ் (துளைக்குள் இறுக்கும் உலோகக் குழல்) தான் காரணம். அங்கிருந்து தொடங்கிய களைப்பு விரிசல் (திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்குவதால் வருவது) உள்ளுக்குள்ளேயே வளர்ந்தது. அதற்குப் பின் ஆயுள் வரம்பு இன்னும் இறுகியது. இன்று ஒரு வைக்கவுண்டைப் பறக்கவைக்க வேண்டுமென்றால் புது பூம் செய்து, சான்றிதழும் வாங்க வேண்டும். அதற்கு யாரும் இல்லை.

டிசி-3-இன் கேபினுக்கு அழுத்தம் கிடையாது. ஒவ்வொரு பயணத்திலும் உடல் ஊதிச் சுருங்கும் வேலை இல்லை. ஒரே ஸ்பாரை நம்பாமல் பல ஸ்பார்களும் தோலும் சேர்ந்து பாரம் தாங்கும் இறக்கை அது. அதன் பலவீனம் எங்கே என்பதும் எல்லோருக்கும் தெரியும்: நடு இறக்கையும் வெளி இறக்கையும் சேரும் இடத்தில் நூற்றுக்கணக்கான போல்ட்டுகளோடு ஓடும் கோணப்பட்டைகள். அதிலும் அடிப்பக்கத்துப் பட்டையின் வளைவில்தான் விரிசல் வரும். மேலே மூடியிருக்கும் தகட்டைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் ஊறிக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விரிசல் இருந்தால் பட்டையை மட்டும் மாற்றலாம்.

இனி ஸ்டார்லைனர். 44 தான் கட்டினார்கள். மற்ற கான்ஸ்டலேஷன்களின் இறக்கை அதற்குப் பொருந்தாது. 150 அடியில் முற்றிலும் புது இறக்கை. ஆகவே உதிரிக்கு வெட்ட வேறு வகை விமானம் இல்லை. லுஃப்தான்சா அறக்கட்டளை 2007-இல் மூன்றை ஏலத்தில் எடுத்து, மெய்ன் மாநிலத்தில் ஒன்றைக் கிட்டத்தட்டப் புதிதாகவே கட்டியது. பயணிகளை ஏற்றும் சான்றிதழ்தான் இலக்கு என்பதால் பாகத்துக்குப் பாகம் ஆவணம் வேண்டியிருந்தது. 2018-இல் நிறுத்திவிட்டு, பிரித்து, ஜெர்மனிக்குக் கப்பலில் அனுப்பினார்கள். மூன்றில் இன்னொன்றுதான் நியூயார்க் ஜேஎஃப்கே-யில் டிடபிள்யூஏ ஹோட்டலின் காக்டெய்ல் பார். பறக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததால்தான் அது இவ்வளவு பளபளப்பாக நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தரைக்குழு:

மூன்றாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சும்மா நிற்கும் இன்ஜினை அவ்வப்போது சுற்றிவிடுவது கெடுதல். சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெயையும் பிஸ்டன் ரிங் வழித்து எடுத்துவிடும், அந்த இடத்தில் துரு பிடிக்கும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பாதுகாப்பு எண்ணெய் செலுத்தி, ஸ்பார்க் பிளக் துளைகளில் சிலிக்கா ஜெல் அடைத்த பிளக் போட்டு, புகைபோக்கியையும் காற்றுவழியையும் அடைத்து, 'சுற்றாதே' என்று அட்டை கட்டிவிடுங்கள். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறினால் மாற்ற வேண்டும்.

சுற்ற வேண்டியது ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால்தான். ரேடியலில் (சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் இந்த வகை இன்ஜினில்) அடிப்பக்கத்துச் சிலிண்டர்கள் தலைகீழாக இருப்பதால் எண்ணெய் ரிங்குகளைத் தாண்டி அங்கே இறங்கித் தேங்கும். எண்ணெயை அமுக்க முடியாது, பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். இதைத்தான் ஹைட்ராலிக் லாக் என்கிறோம்.

மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருவது) ஆஃப், மிக்ஸ்சர் ஐடில் கட்-ஆஃப் (எரிபொருள் போகாத நிலை), சக்கரங்களுக்குக் கட்டை. பிறகு சுழலும் திசையிலேயே பிளேடு பிளேடாகக் கையால் தள்ளுங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒரு முறை அமுக்கம் காணக் கிராங்க் இரண்டு சுற்று வர வேண்டும். ஆர்-1830-இல் ரிடக்ஷன் கியர் 16:9 (கிராங்க் 16 சுற்றினால் புரொப்பெல்லர் 9 சுற்று) என்பதால் மூன்று பிளேடு புரொப்பெல்லரில் நான்கு பிளேடு தாண்டினாலே அது முடிந்துவிடும். ஆனாலும் 12 பிளேடு எண்ணுவது நல்லது. வழக்கமான அமுக்கம் மெத்தென்று எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுக்கும். லாக் என்றால் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அங்கே பலம் காட்டக் கூடாது. பின்பக்கமாகச் சுற்றவும் கூடாது: எண்ணெய் இன்டேக் குழாய்க்குள் ஏறி ஒளிந்துகொள்ளும், இன்ஜின் பிடித்ததும் திரும்ப உள்ளே விழும். கீழ்ச் சிலிண்டர்களின் பிளக்கைக் கழற்றி, வடியவிட்டு, மறுபடி சுற்றிப் பார்த்து, பிறகு மாட்டுங்கள். அவசரப்பட்டுத் தள்ளினால் லிங்க் ராட் (பிஸ்டனின் இணைப்புத் தண்டு) லேசாக வளையும். அன்றைக்கு இன்ஜின் ஓடும். பல மணி நேரப் பறப்புக்குப் பிறகு வானத்தில் உடையும்.

பழைய_இறக்கை:

மிக்க நன்றி. திறந்தவெளியில் காட்சிக்கு நிற்பவை என்ன ஆகும்? கோவா கடற்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷனை மனதில் வைத்துக் கேட்கிறேன்.

ஸ்பார்_பார்வை:

ஏர் இந்தியாவில் 'ராணி ஆஃப் எல்லோரா'வாகப் பறந்து, விமானப்படைக்குப் போய், 1976-இல் கடற்படைக்கு மாறி, கடல் கண்காணிப்பில் ஓய்வுபெற்ற விமானம் அது. வேலை கிடைத்துக்கொண்டே இருந்ததால்தான் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. இனி அது பறப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம், நிற்க வைப்பதே பெரிய வேலை. உப்புக் காற்றில் 7075 வகை அலுமினியம் உள்ளிருந்து ஏடு ஏடாகப் பிரியும். வெளியே பெயிண்ட் லேசாக உப்பியிருப்பதுதான் அடையாளம். மக்னீசிய வார்ப்புகள் வெள்ளைப் பொடியாகும்.

செய்ய வேண்டியதை வரிசைப்படுத்தினால் முதலிடம் வடிகால் துளைகளுக்கு. உடலின் அடிப்பகுதியில் இருக்கும் அந்தச் சின்னத் துளைகளைப் பறவைக் கூடும் தூசியும் அடைத்தால் மழைநீர் கேபின் தரைக்கடியில் தேங்கும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்தாலே பல ஆண்டு கூடும். அடுத்து இன்ஜின் திறப்புகளுக்கு வலை. பிறகு நல்ல தண்ணீரில் கழுவுவது, குறிப்பாகச் சக்கர அறைகளுக்குள். டயரில் காற்று போனால் விமானம் சாய்ந்து ஒரே காலில் பாரம் விழும்; ஜாக் வைத்துத் தூக்குவதற்கான இடங்களில் முட்டுக் கொடுத்து எடையை இறக்கிவிட வேண்டும்.

அதோடு, காற்றுக்குக் கட்டிவைப்பதை மறக்காதீர்கள். பெர்லின் விமானப் பாலத்தின் (முற்றுகையிலிருந்த பெர்லினுக்கு விமானங்களில் பொருள் கொண்டுசென்ற பணியின்) நினைவாகப் பறந்துகொண்டிருந்த சி-54 சரக்கு விமானம் 'ஸ்பிரிட் ஆஃப் ஃப்ரீடம்' 2020 ஏப்ரலில் தென் கரோலினாவில் நிறுத்தியிருந்த இடத்திலேயே சூறாவளியில் சிதைந்துபோனது.