மறு: வட்டாரத் திட்டத்தில் ‘சஸ்டெய்னபிலிட்டி’ – நிலைத்தன்மையா, வளங்குன்றாமையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். வட்டார அளவிலான சுற்றுச்சூழல் திட்ட ஆவணங்களில் ‘சஸ்டெய்னபிலிட்டி’க்கு, அதாவது வளம் தீர்ந்துவிடாதபடி பயன்படுத்துவதற்கு, எந்தத் தமிழ்ச்சொல் என்ற நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> நிலைத்தன்மை என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, இன்னொரு சொல் எதற்கு?

புரிகிறது, சரி. என்னவாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை. வேதியியலிலும் பொறியியலிலும் நிலைத்தன்மை என்றால் ஸ்டெபிலிட்டி. குலையாமல், மாறாமல் இருப்பது. ஒரு வட்டாரத்தின் சுற்றுச்சூழல் திட்டம் பேசுவது அதை அல்ல. நிலத்தடி நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக்கிக்கொண்டே போனால், குழாயில் வரும் தண்ணீர் பல ஆண்டுகளுக்கு ஒரே சீராக இருக்கும். வழங்கல் நிலைத்தன்மையோடு இருக்கிறது என்று அறிக்கையில் தாராளமாக எழுதலாம், பொய்யும் இல்லை. ஆனால் மழை ஊறிச் சேர்வதைவிட எடுப்பது அதிகம் என்றால் அடியில் இருப்பு கரைந்துகொண்டே இருக்கும். திட்டம் கண்டுபிடிக்க வேண்டிய ஆபத்தை மறைத்துவிடுகிற சொல்லை அந்தத் திட்டத்தின் தலைப்பிலேயே வைக்கலாமா?

இந்தக் கருத்து பிறந்த இடத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரிகிறது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் காடு வளர்ப்பு பற்றி எழுதினார். சுரங்கங்களுக்கும் தாதுவை உருக்கும் உலைகளுக்கும் மரம் வேண்டும், காடோ அழிந்துகொண்டிருந்தது. காடு வளர்ந்து ஈடுகட்டும் அளவுக்கு மேல் வெட்டாதே என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். ஆக, எடுக்கும் வேகத்தையும் ஊறும் வேகத்தையும் ஒப்பிடுவது இதன் அடிப்படையிலேயே இருக்கிறது. 1987இல் புருண்ட்லாண்ட் ஆணையம் (ஐ.நா. சார்பில் அமைந்த சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆணையம்) வருங்காலத் தலைமுறைகளின் தேவையைச் சேர்த்து இதை விரித்தது.

அதனால்தான் ‘வளங்குன்றாமை’யை முன்வைக்கிறேன். ‘வளங்குன்றா வளர்ச்சி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. நான் கேட்பது அதன் பெயர் வடிவத்தைத் தனிக் கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே. குன்றுதல் என்ற வினை உள்ளே இருப்பதால் ‘எது குன்றுகிறது, எவ்வளவு வேகமாக?’ என்ற கேள்வி தானாக எழுகிறது.

> இலங்கையில் பேண்தகு, பேண்தகைமை என்று ஊன்றிவிட்டது. அதையே பொதுவாக்கலாமே.

அழகான சொல், அங்கே பாடநூல் முதல் அரசு ஆவணம் வரை புழங்குகிறது. அதை யாரும் மாற்ற வேண்டியதில்லை. திட்ட ஆவணத்தில் எனக்கு இடிப்பது எதிர்மறை வடிவம். அளவுமீறிய மீன்பிடிப்பைப் ‘பேண்தகாத மீன்பிடிப்பு’ என்றால், பேணத் தகுதியற்றது என்று ஒரு மதிப்பீடு போலத் தொனிக்கிறது. ‘வளங்குன்றும் மீன்பிடிப்பு’ என்றால் கடலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறது. பேண்தகைமை, வளங்குன்றாமை இரண்டையும் இணைச்சொற்களாக அகராதியில் கொடுப்பதில் எனக்கு முழு உடன்பாடு.

‘வளம் என்றால் நீர், மண், காடுதானே, மாசு எங்கே வருகிறது?’ என்று கேட்டிருந்த நண்பருக்கு: ஆற்றில் கழிவு கலந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும், அதற்கு நீரில் கரைந்த ஆக்சிஜனைச் செலவிடும். காற்றிலிருந்து ஆக்சிஜன் திரும்பக் கரையும் வேகத்தைக் கழிவு மிஞ்சினால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். கழிவைச் செரிக்கும் அந்தத் திறனும் ஒரு வளம்தான், அதுவும் குன்றும். பொருளியலாளர் ஹெர்மன் டேலி சொன்ன நிபந்தனைகளில் இதுவும் ஒன்று: இயற்கை ஏற்கும் வேகத்துக்கு மேல் கழிவை வெளியிடக் கூடாது.

சொல் உண்மையிலேயே திணறுகிற இடம் கல், மணல், தாதுப்பொருள். மலைக்கல் வெட்டினால் மறுபடி வளராது; அங்கே குன்றாமை என்பதே இல்லை. டேலி இதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்: மாற்று உருவாகும் வேகத்துக்கு மேல் எடுக்காதே. இதை விளக்கக் குறிப்பில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் கல்குவாரி உரிமத்துக்குப் பக்கத்திலேயே ‘வளங்குன்றா’ என்ற அடைமொழி வந்து உட்காரும்.

தலைப்பில் உள்ள ‘வட்டாரம்’ என்ற சொல் பற்றி: 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் செயல்திட்டமான அஜெண்டா 21, அதன் 28ஆம் அத்தியாயத்தில் இந்தப் பணியை உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. அந்த உள்ளூர் அளவைக் குறிக்க மாவட்டம் என்றால் ஒரு குறிப்பிட்ட நிர்வாக அலகாகிவிடும். வட்டாரமே பரவாயில்லை. இலங்கையில் அது உள்ளூராட்சித் தேர்தலுக்கான பிரிவைக் குறிப்பதால், ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே வரையறுத்துவிடலாம்.

அப்புறம் ஒரு சிக்கல் பாக்கி. ‘தாங்குதிறன்’ என்பதைச் சிலர் கேரியிங் கெப்பாசிட்டிக்கும் (ஒரு சூழல் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது) சிலர் ரெசிலியன்ஸுக்கும் (பாதிப்பிலிருந்து மீண்டு வரும் திறன்) எழுதுகிறார்கள். ஒரே திட்டத்தில் இரண்டும் வரும். முதலாவதற்குத் தாங்குதிறன், இரண்டாவதற்கு மீள்திறன் என்று பிரித்துக்கொள்ளலாமா? நீர்வளத் துறையிலும் வேளாண்மையிலும் இருப்பவர்கள், உங்கள் துறையில் ‘மீள்திறன்’ வேறு எதற்காவது ஏற்கெனவே புழங்குகிறதா என்று சொன்னால் நல்லது.