நிகரமா, தேறியதா: செடியின் கணக்கில் மிஞ்சுவதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

'நெட் பிரைமரி புரொடக்‌ஷன்' (செடி தயாரித்த உணவில் அதன் சொந்தச் செலவு போக மிஞ்சுவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி இங்கே மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். என் கருத்துக்கு முன்னால் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகையில், பாடநூலில் உள்ளபடி, 'நிகர முதல்நிலை உற்பத்தித்திறன்' என்று எழுதினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி, "எதுக்கு நிகர் சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நிகர் என்றால் ஒப்பு, சமம் என்றுதான் அவளுக்குத் தெரிந்த தமிழ் சொல்கிறது. வணிகவியல் படித்தவருக்கு 'நிகர லாபம்' பழகிய சொல். செடியைப் படிக்க வந்தவளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

சொல்லுக்கு முன் பொருளைப் பிடித்துக்கொள்வோம். இலை வெயிலைப் பிடித்து, கரியமில வாயுவையும் நீரையும் கொண்டு சர்க்கரை செய்கிறது. செய்தது முழுவதும் செடியின் உடம்பாகிவிடாது. இரவும் பகலும் அது சுவாசிக்கிறது. வேர் உப்பை உறிஞ்ச, பழுதான புரதத்தை மாற்ற, புதுத் துளிர் விட என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஏறக்குறைய பாதி இப்படியே போய்விடும். மீதிதான் தண்டு, வேர், இலை, விதை. ஆடு மேய்வதும், புழு அரிப்பதும், உதிர்ந்த சருகைப் பூஞ்சை மட்கச் செய்வதும் அந்த மீதியைத்தான். உலகம் முழுவதும் சேர்த்து இந்த மீதி ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி டன் கார்பன் அளவுக்கு வரும். அதில் கிட்டத்தட்டப் பாதி கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உழைப்பு. உலகில் உயிர்கள் உண்பதற்கு இதற்கு மேல் எதுவும் இல்லை. இத்தனை பெரிய கருத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் கேட்டதும் குழப்புகிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

நண்பர் ஒருவர், அறுவடையில் கைக்கு வந்த நெல்லைக் குறிக்கும் 'கண்டுமுதல்' என்ற சொல்லை முன்வைத்தார். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு நல்ல சொல். அது ஏன் பொருந்துவதுபோல் தோன்றுகிறது என்பதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். 1927இல் கார்டர், கிரான் என்ற இருவர் நார்வேயின் ஆஸ்லோ கடற்கழி ஆய்வில் கையாண்ட முறை இது. நுண்பாசி உள்ள ஒரே நீரைத் தெளிந்த குப்பியிலும் ஒளி புகாத கறுப்புக் குப்பியிலும் அடைத்து நீருக்குள் தொங்கவிட வேண்டும். ஒளிச்சேர்க்கை ஆக்சிஜனை வெளியிடும், சுவாசம் அதை எடுத்துக்கொள்ளும். தெளிந்த குப்பியில் இரண்டும் நடக்கும், கறுப்பில் சுவாசம் மட்டும். தொடக்கத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சில மணி நேரம் கழித்துத் தெளிந்த குப்பியில் 11, கறுப்பில் 6. கூடிய 3 மிச்சம், குறைந்த 2 சுவாசம். இரண்டையும் கூட்டினால் மொத்தம் 5. (குப்பிக்குள் பாக்டீரியாவும் பிற நுண்ணுயிரிகளும் சேர்ந்தே சுவாசிக்கும். ஆகவே இந்த மிச்சம் பாசியினுடையது மட்டும் என்று சொல்ல முடியாது.) மொத்தத்தைக் கூட்டித்தான் பெறுகிறோம், கண்ணுக்குத் தெரிவது மிச்சம் மட்டுமே. கண்டதே முதல்!

ஆனாலும் மனமில்லாமல் இதை மறுக்கிறேன். கண்டுமுதல் என்பது களத்தில் அடித்து அளந்த நெல். வைக்கோலும், மண்ணுக்குள் கிடக்கும் வேரும், நடுவே பூச்சி தின்றுபோன இலையும் அதில் சேராது. நம் கணக்கில் இவை அனைத்தும் சேர வேண்டும். சோலைக்காட்டுக்குக் களத்துமேடும் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய அம்மையார் போகிறபோக்கில் சொன்ன 'தேறிய' என்பதைத்தான் நான் பற்றிக்கொள்கிறேன். இலங்கையில் நிகர லாபத்தைத் 'தேறிய இலாபம்' என்பார்கள். நமக்கும் இது அயல் சொல் கிடையாது. "எத்தனை மூட்டை தேறும்?" என்று எந்த ஊரிலும் கேட்கலாம். செலவு, சேதாரம் எல்லாம் போகக் கையில் நிற்பது என்ற பொருள் அந்த வினையிலேயே இருக்கிறது. விளக்கம் தேவைப்படாது.

அப்புறம், 'உற்பத்தித்திறன்'. திறன் என்றதும் மாணவர்கள் ஆற்றல், வல்லமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'விளைவு' என்று சிலர் சொன்னீர்கள். பசுமை இல்ல விளைவோடு அது மோதும். 'பசுமையாக்கம்' என்றால், ஒளியே எட்டாத ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் வேதிப்பொருளைக் கொண்டு உணவு செய்யும் பாக்டீரியாக்கள் வெளியே நின்றுவிடும். ஆகவே என் முன்மொழிவு 'முதலாக்கம்'. முதல் என்பது தொடக்கமும்தான், வியாபாரத்தில் போடும் முதலும்தான். உயிர்கள் எல்லாம் செலவழிப்பது செடியும் பாசியும் போட்ட அந்த முதலை. மொத்த முதலாக்கம், தன்செலவு (சுவாசத்தில் போவது), தேறிய முதலாக்கம் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், கழித்தல் கணக்கு தானே வந்துவிடும். இலையைத் தின்று ஆடு தன் உடம்பில் ஏற்றுவதை 'வழியாக்கம்' எனலாம். இலக்கணத்தில் முதல்நூல், வழிநூல் என்கிறோமே, அதே உறவு.

பாடநூலில் ஏறிய சொல்லை ஏன் கிளற வேண்டும் என்று கேட்டவருக்கு: ஒளிச்சேர்க்கையின் ஆங்கிலப் பெயரே இப்படி ஒரு வாதத்தில் பிறந்ததுதான். அதற்கு முன் 'அசிமிலேஷன்' என்று சொல்லிவந்தார்கள். உண்ட உணவு உடம்போடு சேர்வதற்கும் அதே சொல். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1893இல் சார்லஸ் பார்ன்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 'ஃபோட்டோசின்டாக்ஸ்', 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்று இரண்டு சொற்களை முன்வைத்தார். அவருக்குப் பிடித்தது முதலாவது. உலகம் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. தமிழிலும் இங்கே ஒளிச்சேர்க்கை, இலங்கையில் ஒளித்தொகுப்பு என்று இரண்டும் நன்றாகவே வாழ்கின்றன.

'தன்செலவு' மட்டும் எனக்கு இன்னும் முழு நிறைவு தரவில்லை. சுவாசம் என்ற பொருள் அதில் வெளிப்படையாக இல்லை. 'சுவாசச் செலவு' என்றால் தெளிவு, ஆனால் நீளம். விளைந்ததில் வீட்டுச் சாப்பாட்டுக்கென்று எடுத்துவைப்பதற்கு உங்கள் ஊரில் தனிச்சொல் இருந்தால் எழுதுங்கள். அதிலிருந்து பார்க்கலாம்.