5 பவுண்டு மாவில் ஹல்லா: எந்த ஸ்டாண்ட் மிக்சர் தாங்கும்?

வியாழன்_அடுப்பு:
நியூ ஜெர்சியில் ஒரு யூதத் தொழுகைக்கூடத்தின் சமையலறைக்கு மிக்சர் தேடுகிறோம். வாராவாரம் வியாழன் இரவு, சபாத் என்ற வார ஓய்வு நாளுக்கான ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டும். ஒரு ஈடு என்றால் 5 பவுண்டு மாவு. வாரத்துக்கு இரண்டு ஈடு, பண்டிகை வாரத்தில் மூன்று.

ஒரு ஈட்டு அளவு: மாவு 2,270 கிராம், தண்ணீர் 960, முட்டை 6, எண்ணெய் 225, சர்க்கரை 270, உப்பு 40, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 25. பிசைந்தபின் 4 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

இப்போது இருப்பது தலை சாய்கிற 5 குவார்ட் (ஒரு குவார்ட் ஏறக்குறைய ஒரு லிட்டர்) மெஷின். பாதி ஈடு போட்டாலே தலை துள்ளுகிறது, ஐந்து நிமிடத்தில் சூட்டு வாடை வருகிறது. வாட்ஸைப் பார்த்து வாங்குவதா, கிண்ணத்தின் லிட்டரைப் பார்த்து வாங்குவதா? ஒரே தடவையில் பிசைந்தே ஆக வேண்டுமா?

பிசைகல்:
கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், மெஷினின் விலையே அதில்தான் இருக்கிறது.

பைபிளின் எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தில் சொன்னபடி, பிசைந்த மாவில் ஒரு துண்டைப் பிரித்து வைப்பது கட்டளை. ரொட்டிக்கு ஹல்லா என்ற பெயரே அந்தத் துண்டிலிருந்துதான் வந்தது. எவ்வளவு மாவுக்கு ஆசீர்வாதம் சொல்லிப் பிரிப்பது என்பதில் கணக்கு வேறுபடும். 1.67 கிலோ என்போர் உண்டு, 2.25 கிலோ என்போரும் உண்டு. 5 பவுண்டுப் பை 2.27 கிலோ என்பதால் இரண்டு கணக்குக்கும் சரியாகிவிடுகிறது. அமெரிக்க ஹல்லா செய்முறைகள் பல "ஒரு பை மாவு" என்று தொடங்குவது அதனால்தான்.

ஆனால் ஒரே கிண்ணத்தில் பிசைந்தாக வேண்டும் என்பதில்லை. இரண்டு பாதி ஈடாகப் பிசைந்து, ஒன்றையொன்று தொடும்படி ஒரே பெரிய பாத்திரத்தில் போட்டு மூடி வைத்துச் சேர்க்கும் முறை இருக்கிறது. உங்கள் ரப்பியிடம் (மதகுரு) கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் சரி என்றால், 1.1 கிலோ மாவைத் தாங்கும் மெஷினே போதும்.

வாங்கும் முன் இன்னொன்றும் கேளுங்கள். யூதரல்லாதவரிடமிருந்து வாங்கிய உலோகப் பாத்திரத்தை மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுக்கி எடுப்பது வழக்கம். கிண்ணமும் கொக்கியும் கழன்று வந்தால் சிக்கலில்லை. (ஸ்டிக்கர் பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டுக் கொண்டுபோங்கள்.) கிண்ணத்தைக் கழற்றவே முடியாத மாடலானால், பணம் கட்டுமுன் விடை தெரிந்தாக வேண்டும்.

கியர்பெட்டி:
வாட்ஸை மறந்துவிடுங்கள். அது மெஷின் சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம், கொக்கியில் இறங்கும் திருகுவிசை அல்ல. ஹோபார்ட் என்50 என்ற தொழில்முறை மிக்சர் வெறும் 1/6 குதிரைத்திறன்தான். முழுக்கப் பல்சக்கரத்தில் ஓடுவதால், பெரிய எண் அச்சிட்ட பல வீட்டு மெஷின்கள் திணறும் மாவை அது சலிக்காமல் பிசையும். ஆனால் அதன் கிண்ணமும் 5 குவார்ட்தான், உங்கள் ஈடு அதில் கொள்ளாது.

கிண்ணத்தின் லிட்டரும் ஏமாற்றும். கேக் மாவுக்கு நிறைகிற கிண்ணத்தில் ஹல்லா மாவைப் பாதிக்கு மேல் போட முடியாது. பார்க்க வேண்டியது ஈரப்பதம். தொழில்முறை மிக்சர் அட்டவணையில் தண்ணீர் எடையை மாவு எடையால் வகுத்து ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். அது குறையக் குறைய, தாங்கும் எடையும் குறையும். உங்கள் அளவில் 960 தண்ணீர், முட்டையிலிருந்து ஏறக்குறைய 225. கூட்டினால் 1,185, அதாவது 52%. அட்டவணையில் 60% வரிசையைப் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது உங்கள் மெஷினில் நடப்பது இது. தலை சாயும் வகையில் முழு பாரமும் ஒரு கீல் முளையில் விழுகிறது. முளை தளர்ந்ததும் தலை துள்ளும். உள்ளே கிரீஸ் சூட்டில் இளகிக் கசியும், எண்ணெய்ச் சொட்டு மாவிலேயே விழலாம். பல மாடல்களில் ஒரு பல்சக்கரத்தை வேண்டுமென்றே மெலிதாக வைத்திருப்பார்கள், மோட்டாரைக் காப்பாற்ற அது முதலில் தேயட்டும் என்று. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கொக்கி நின்றுவிட்டால் தேய்ந்தது அதுதான். மலிவான பாகம், மாற்றிவிடலாம்.

கிச்சன்எய்ட் பிராண்டிலேயே போவதானால் கிண்ணம் தூக்கும் 6 குவார்ட் வகை. ப்ரொஃபஷனல் 600-க்கு 14 கப் மாவு வரை சொல்கிறார்கள், ஏறத்தாழ 1.75 கிலோ. முழு ஈடு ஏறாது. பாதி ஈடு நிம்மதியாக ஏறும். வேகம் 2-ஐத் தாண்டவே கூடாது. மாவு இறுகிவிட்டதே என்று 4-க்குத் திருப்புகிற கைதான் கியரைக் கொல்லும்.

சுழல்கிண்ணம்:
முழு ஈட்டையும் ஒரே தடவையில் போட வேண்டுமானால் ஆங்கர்ஸ்ரம் மிக்சர். 1940-இல் ஸ்வீடனில் வந்த வடிவம், அமெரிக்க யூத வீடுகளில் மாஜிக் மில் டிஎல்எக்ஸ் என்ற பெயரில் பழக்கம். நம்ம ஊர் கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: பாத்திரம் சுற்றும், மேலே உள்ள உருளை அதே இடத்தில் நிற்கும். மோட்டார் அடியில் இருப்பதால் துள்ள ஒரு தலையே இல்லை. கிண்ணம் 7 லிட்டர், பிசைந்த மாவு 5 கிலோ வரை சொல்கிறார்கள்.

பழக இரண்டு மூன்று ஈடு பிடிக்கும். திரவத்தை முதலில் ஊற்ற வேண்டும், மாவை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. மாவை முதலில் கொட்டினால் அடியில் காய்ந்த வளையமாக ஒட்டிக்கொள்ளும். உருளையைக் கிண்ணத்தின் சுவரிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். நெருக்கி வைத்தால் மாவு உருளைமேல் ஏறும். இவ்வளவு இறுகிய 4 கிலோவுக்கு உருளையைவிடக் கொக்கியே நல்லது.

பாஷ் யுனிவர்சல் ப்ளஸ் இதைவிட மலிவு, மோட்டார் அதிலும் அடியில்தான். நடுவில் ஒரு தண்டு இருக்கும். மாவு தளர்வாக இருந்தால் அதன் அடியில் புகுந்து காயும். ஹல்லாவுக்கு அந்தத் தொல்லை குறைவு.

வாரம் மூன்று ஈடு நிரந்தரமானால் ஸ்பைரல் மிக்சர், அதாவது சுருள் கொக்கியோடு கிண்ணமும் சுற்றும் வகை. ஃபமாக் ஐஎம்-8 பிசைந்த மாவு எட்டு கிலோ கொள்ளும். ஒரு ஈடு தாராளமாக ஏறும், இரண்டு ஈடு சேர்த்தால் அந்த எல்லையைக் கொஞ்சம் தாண்டும். தூக்கி அலமாரியில் வைக்கிற பொருள் அல்ல, நிரந்தர இடம் வேண்டும். தலை நிலையான மாடலில் கிண்ணம் கழலாது, மேலே பிசைகல் சொன்ன கேள்வி இங்கேதான் வரும். ஐரோப்பாவிலிருந்து 230 வோல்ட் மெஷினை மலிவாகக் கிடைக்கிறதென்று இறக்காதீர்கள், 120 வோல்ட் வகையாகப் பாருங்கள்.

எண்ணெய்_கடைசி:
மெஷினைக் குறை சொல்லும் முன் சேர்க்கும் வரிசையையும் பார்க்க வேண்டும்.

மாவு, தண்ணீர், முட்டை, ஈஸ்ட் மட்டும் போட்டு இரண்டு நிமிடம் கலந்து, மூடி 20 நிமிடம் விடுங்கள். மாவு தானாகவே நீரைக் குடித்து இளகும், பாதிப் பிசைதல் அப்போதே நடந்துவிடும். பிறகு உப்பு, சர்க்கரை. எண்ணெய் கடைசியில், மூன்று தவணையாக. எண்ணெயை முதலிலேயே ஊற்றினால் மாவுத்துகளைப் பூசிக்கொண்டு பசையம் சேர விடாது. நீங்கள் பத்து நிமிடம் கூடுதலாக ஓட்டுவீர்கள், அந்தப் பத்து நிமிடம்தான் மோட்டாரைச் சுடுகிறது.

மாவு கொக்கியில் உருண்டையாக ஏறிச் சும்மா சுற்றினால் அது பிசைவதில்லை. நிறுத்தி, இறக்கி, இரண்டாக வெட்டித் திரும்பப் போடுங்கள்.

சூடு கவனம். முடியும்போது மாவு 25, 26 டிகிரி இருக்க வேண்டும். தலைமேல் மோட்டார் உள்ள மெஷின் உராய்விலேயே நன்றாகச் சூடேற்றும், அதனால் கோடையில் குளிர்ந்த தண்ணீர். குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்த 6 முட்டை இந்த அளவில் ஒன்றரை டிகிரி குறைக்கும். (ரத்தம் உண்ணக் கூடாது என்பதால் ஒவ்வொரு முட்டையையும் தனிக் கோப்பையில் உடைத்து ரத்தப் புள்ளி பார்ப்பார்கள் அல்லவா, அதற்குப் பிறகு சேர்த்தால் போதும்.) 29-ஐத் தாண்டினால் மாவு பிசுபிசுக்கும், பின்னல் போடும்போது இழை அறும்.

சர்க்கரை 12% இருப்பதால் தங்க நிறப் பையில் வரும் இனிப்பு மாவு ஈஸ்ட் வாங்குங்கள். சாதா ஈஸ்ட் இந்தச் சர்க்கரையில் சோம்பும்.

வியாழன்_அடுப்பு:
சேர்த்து வைக்கும் முறைக்கு ரப்பி சரி என்றார். அப்படியானால் 6 குவார்ட் போதுமா, ஆங்கர்ஸ்ரமா? பால் சேர்த்த கேக்கும் அதே மெஷினில் போடலாமா?

கியர்பெட்டி:
வாரம் இரண்டு ஈடு என்றால் 6 குவார்ட்டில் நான்கு பாதி ஈடு. ஒவ்வொன்றுக்கும் 7 நிமிடம் ஓட்டம், நடுவே 15 நிமிடமாவது ஆறவிட வேண்டும். மூன்று ஈடு வாரத்தில் ராத்திரி நீண்டுவிடும். ஆங்கர்ஸ்ரம் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும், திருப்பித்தரும் கெடு முடிவதற்குள் அடுத்தடுத்து இரண்டு முழு ஈடு போட்டுப் பாருங்கள். மோட்டார் பக்கம் கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டாலோ, இரண்டாவது ஈட்டில் சுற்று மெதுவானாலோ, திருப்பிவிடுங்கள்.

பிசைகல்:
பால், வெண்ணெய் அந்த மெஷின் பக்கமே வர வேண்டாம். யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் சேரக் கூடாது; இறைச்சி உணவோடு சாப்பிடும் ரொட்டி இது, எண்ணெயில் செய்வதே அதற்காகத்தான். கேக்குக்குப் பழைய 5 குவார்ட்டை ஒதுக்கி, கிண்ணத்திலும் கொக்கியிலும் வேறு நிற டேப் ஒட்டிவிடுங்கள். முதலில் அந்தக் கீல் முளையை இறுக்குங்கள்.