பின்னல் வட்டம்: பேச்சும் நடக்கணும், கண்ணியும் தப்பக் கூடாது

வாராவாரம் ஏழெட்டுப் பேர் சேர்ந்து உட்கார்ந்து பின்னும் இடங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: பேச்சு சூடு பிடிக்கும், கையும் ஓடும், வீட்டுக்குப் போய் விரித்துப் பார்த்தால் பத்து வரிசை பிரிக்க வேண்டியிருக்கும். இதற்குக் கைத்திறன் குறைவு காரணமில்லை. கூட்டத்துக்கு ஒத்துவராத வேலையைத் தூக்கி வந்ததுதான் காரணம். குதிகால் திருப்பும் கட்டத்திலிருக்கும் காலுறை, நாலு நிறம் மாறும் டிசைன் எல்லாம் வீட்டு வேலை. வட்டத்துக்கு ஏற்றது எல்லா வரிசையும் நிட் (அடிப்படைப் பின்னல் கண்ணி) போடுகிற சால்வை, அல்லது சர்க்குலர் ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இரட்டை ஊசி) சுற்றிக்கொண்டே போகும் தொப்பியின் நடுப்பகுதி. சர்க்குலர் ஊசி பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் இடிக்காது, பாரமும் மடியிலேயே இறங்கும்.

டிசைன் வேலையைக் கொண்டுவந்தே ஆக வேண்டுமென்றால், கிளம்பும் முன் லைஃப்லைன் போட்டுவிடுங்கள். வேறு நிற மெல்லிய பருத்தி நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, சரியாக முடிந்த வரிசையின் எல்லாக் கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) வழியாகவும் இழுத்துவிட்டால் போதும். அதற்கு மேல் எவ்வளவு பிரித்தாலும் பின்னல் அந்த வரிசையில் நின்றுவிடும். இடத்தை அடையாளம் காட்ட ஊசியில் மாட்டும் மார்க்கர் வளையத்துக்குள் மட்டும் நூல் போகக் கூடாது. போனால் மார்க்கர் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

* * *

ஊசி இரவல் வாங்கும்போது எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைக் கேளுங்கள். அமெரிக்க அளவில் 8 என்றால் 5 மிமீ. பழைய பிரிட்டிஷ் அளவில் அதே 8 என்பது 4 மிமீதான். அமெரிக்க எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பழைய பிரிட்டிஷ் எண் ஏற ஏற மெலியும். பாட்டி வைத்திருந்த ஊசியும் புதிதாக வாங்கிய ஊசியும் ஒரே பையில் கிடக்கும் குழுவில் இந்தக் குழப்பம் வராமல் இருக்காது. துளையுள்ள ஊசி அளவுத் தகடு ஒன்று மேஜையில் கிடந்தால் சரியாகிவிடும்.

* * *

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிகே (DK, நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லிய) கனமுள்ள நூல், 4 மிமீ ஊசி, 10 செமீக்கு 22 கண்ணி என்பது வழக்கமான கணக்கு. பேசிக்கொண்டே பின்னும்போது சிலருக்குக் கை தளரும், சிலருக்கு இறுகும். 22 வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் 200 கண்ணி உள்ள ஸ்வெட்டரின் சுற்றளவு 91 செமீக்குப் பதில் 100 செமீ ஆகிவிடும். இரண்டே கண்ணிதானே என்று விடுகிற விஷயமில்லை. மாதிரித் துண்டை 15 செமீ அகலத்துக்குப் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செமீ அளந்து பாருங்கள். ஓரக் கண்ணிகள் எப்போதும் பொய் சொல்லும்.

* * *

எல்லோரும் சேர்ந்து ஒரு போர்வை பின்னும் ஆசை எந்த வட்டத்துக்கும் ஒருநாள் வரும். வரட்டும், அதைப்போல நெருக்கம் தருவது வேறில்லை. ஆனால் "ஆளுக்கு ஆறு சதுரம், 44 கண்ணி போடுங்கள்" என்று ஆரம்பித்தால், ஒருவர் சதுரம் 18 செமீ வரும், இன்னொருவருடையது 22 செமீ வரும். தைக்கும்போது அழத்தான் வேண்டும்.

கண்ணி எண்ணிக்கையை விட்டுவிட்டு மூலையிலிருந்து மூலைக்குப் பின்னுங்கள். 4 கண்ணி போட்டு ஒரு வரிசை நிட். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 2 நிட், ஊசிமேல் ஒரு நூல் சுற்று, மீதி நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும். சாய்வான ஓரத்தின் நீளம் 20 செமீ ஆனதும் நிறுத்திவிட்டுக் குறைக்கத் தொடங்குங்கள்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, நூல் சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒன்று, மீதி நிட். 4 கண்ணி மிஞ்சும்போது முடித்துவிடலாம். தளர்ந்த கைக்குக் குறைந்த கண்ணியிலேயே 20 செமீ வரலாம், இறுகிய கைக்கு இன்னும் அதிகம் தேவைப்படலாம். சதுரம் மட்டும் ஒரே அளவில் இருக்கும். ஓரத்து ஓட்டைகள் வரிசையாக அமைவதால் இணைப்பதும் சுலபம்.

6க்கு 8 என்று 48 சதுரம் சேர்த்தால் 120 செமீக்கு 160 செமீ போர்வை. டிகே நூலில் சதுரத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் போகும். இணைக்கவும் ஓரம் கட்டவும் தனியாக எடுத்துவையுங்கள். நிறம் ஆளுக்கொன்று இருக்கலாம், நூலின் வகை ஒன்றாகவே இருக்க வேண்டும். மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் உள்ள கம்பளியோடு சாதாரணக் கம்பளிச் சதுரம் ஒன்று கலந்துவிட்டால், வெந்நீர்த் துவைப்பில் அது மட்டும் சுருங்கித் தடித்துவிடும். சுற்றியுள்ள எட்டுச் சதுரத்தையும் இழுத்துக் கோணலாக்கும். இதற்குப் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது. பின்னணிக்கு ஒரே நிறம் என்றால் லேபிளில் உள்ள சாய எண்ணும் (ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கட்டும். வேறுபட்டால் இரண்டு உருண்டையையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள், கோடு தெரியாது.

* * *

போர்வையைப் பற்றி மேலே சொன்னது சதுரத்தோடு நின்றுவிட்டது. நூல்முனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 15 செமீ விட்டுத்தான் வெட்டணும். நாலு செமீயில் வெட்டிய முனை எவ்வளவு செருகினாலும் இரண்டாம் துவைப்பில் வெளியே வந்துவிடும். அவரவர் சதுரத்து முனைகளை அவரவரே செருகிவிட்டுக் கொடுங்கள். கடைசியில் ஒருவர் தலையில் 96 முனை விழக் கூடாது.

* * *

புதிதாக வருபவர்களுக்கு: 5 மிமீ மூங்கில் ஊசி, வெளிர் நிறத்தில் வழவழப்பான நடுத்தர கன நூல், 20 கண்ணி. கறுப்பு நூல் வேண்டாம், ரோமம் எழும்பிய நூலும் வேண்டாம். கண்ணி கண்ணுக்கே தெரியாது. பத்து வரிசையில் 20 கண்ணி 27 ஆகிவிட்டதென்று தவிப்பார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டு. வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலேறி, இரண்டு கண்ணி போலத் தெரியும். நூலை முன்பக்கம் தொங்கவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். நடுவில் ஓட்டை விழுந்து கண்ணி கூடினால், நிட் போடும்போது நூல் முன்னால் நின்றிருக்கிறது.

கண்ணி நழுவினால் உடனே ஒரு சேஃப்டி பின்னில் மாட்டிவிட்டு மூச்சு விடலாம், பதறி இழுத்தால்தான் கீழே ஓடும். குரோஷா ஊசியால் (கொக்கி முனை ஊசி) ஒவ்வொரு படியாக ஏற்றும்போது, எல்லா வரிசையும் நிட் என்றால் ஒரு படி முன்பக்கத்திலிருந்தும் அடுத்த படி பின்பக்கத்திலிருந்தும் இழுக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் உட்காரட்டும். இடது கைக்காரருக்கு மட்டும் எதிரில் உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே செய்வார். அவர் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்கித் திருத்திக் கொடுக்காதீர்கள். உங்கள் துண்டில் செய்து காட்டுங்கள்.

* * *

உடம்பு முடியாமல் போன தோழியின் ஸ்வெட்டரை வட்டம் முடித்துக் கொடுப்பதுண்டு. முன்பாகம் பாதியில் நிற்கிறதென்றால் அங்கிருந்து தொடர வேண்டாம், கை மாறிய இடம் பட்டையாகத் தெரியும். கழற்றிவைத்த கண்ணிகளை வேறு நூலில் ஏற்றி அவருக்கே வைத்துவிட்டு, புதிதாகத் தொடங்கும் துண்டை எடுங்கள். ஸ்வெட்டரின் இரண்டு கைப்பகுதியையும் ஒருவரே பின்னட்டும். பைக்குள் ஒரு சீட்டில் ஊசி மிமீ, சாய எண், எந்த வரிசையில் நிற்கிறது என்ற மூன்றும் எழுதியிருந்தால், அவர் திரும்பி வந்ததும் யாரையும் கேட்காமல் தொடர்வார்.